பழுதுள்ள பழைய வீட்டுக்கு விலை பேசுவது எப்படி? முதல்முறை வாங்குவோருக்கான வழிகாட்டி

சென்னையிலும் புறநகரிலும் தனி வீடு தேடுகிறவர்களின் பட்ஜெட்டுக்குள் வருவது பெரும்பாலும் முப்பது, நாற்பது வருடப் பழைய வீடுதான். புது வீட்டின் விலை எட்டாது. காலி மனை வாங்கிக் கட்டலாம் என்றால் நல்ல தெருவில் மனையே இருக்காது. மிஞ்சுவது, கூரை ஒழுகும், ஒயரிங் பழசான, ஆனால் இடமும் தண்ணீரும் நன்றாக இருக்கிற வீடு. நாங்கள் அப்படி ஒரு வீட்டை நங்கநல்லூர் பக்கம் வாங்கி முடிப்பதற்குள் நிறைய அலைந்தோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, அடுத்து வாங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விலையைக் குறைக்கப் பேச்சு சாமர்த்தியம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. என்ஜினியர் கையெழுத்துப் போட்ட பழுதுச் செலவுப் பட்டியல் ஒன்று கையில் இருந்தது. அதுதான் வேலை செய்தது. கீழே உள்ள படிகளில் பாதி, அந்தப் பட்டியலைச் சரியாகத் தயாரிப்பதற்கானவை. இது தனி வீட்டுக்கான வழிகாட்டி. அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கணக்கே வேறு.

1. வீட்டைப் பிடித்துப்போகும் முன் பத்திரத்தைப் பாருங்கள்

வீடு மனசுக்குப் பிடித்துவிட்டால் அப்புறம் பத்திரத்தில் உள்ள குறையெல்லாம் சின்னதாகத் தெரியும். அதனால் முதல் சந்திப்பிலேயே நகல்களைக் கேளுங்கள்: விற்பவர் பெயரில் உள்ள கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம் (சொத்து அவருக்கு முன் கைமாறி வந்த பழைய பத்திரம்), பட்டா, குறைந்தது 30 வருடத்துக்கான வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்), அனுமதி பெற்ற கட்டட வரைபடம், கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது, குடிநீர் வரி ரசீது, மின் கட்டண அட்டை. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். விற்பவர் தரும் நகலை மட்டும் நம்பி நிற்க வேண்டாம்.

பழைய வீட்டில் அடிக்கடி வரும் சிக்கல்கள் மூன்று.

முதலாவது, வாரிசுகள். அப்பா கட்டிய வீட்டைப் பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், கல்யாணமாகிப் போன பெண்கள் உட்பட. "தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டாச்சு, அவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்பது சட்டப்படி செல்லாத பேச்சு. தன் பங்கை விட்டுக்கொடுத்துத் தங்கை பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரே கிரயத்தில் கையெழுத்திட வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். அது மாதக் கணக்கில் இழுக்கும்.

இரண்டாவது, முடிந்துபோன கடன். வங்கிக் கடனை அடைத்திருப்பார்கள், ஆனால் அடமானத்தை ரத்து செய்யும் ரசீதைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். வில்லங்கத்தில் அந்தக் கடன் உயிரோடு நிற்கும். உங்கள் வங்கி அதைப் பார்த்ததும் கோப்பை நிறுத்திவிடும்.

மூன்றாவது, அனுமதி இல்லாத மாடி. தரைத்தளத்துக்கு மட்டும் வரைபட அனுமதி வாங்கி, பிறகு மேலே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்கள். வங்கி மதிப்பீட்டாளர் அந்த மாடிக்குப் பெரும்பாலும் மதிப்புப் போட மாட்டார். அஸ்திவாரம் ஒரு தளத்துக்கு மட்டும் போட்டதா என்ற கேள்வியும் எழும். விற்பவரோ அந்த மாடிக்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார். வரைபடத்தில் உள்ள சதுர அடியையும் நேரில் உள்ள சதுர அடியையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது இந்த வித்தியாசம் பெரிய தொகையாக மாறும்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு வக்கீலிடம் கருத்துரை வாங்கிவிடுங்கள். தரகர் சொல்லும் வக்கீல் வேண்டாம்.

2. இரண்டு முறை போய்ப் பாருங்கள், முடிந்தால் ஒரு முறை மழையில்

பகலில் ஒரு முறை, மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு முறை. ஐப்பசி, கார்த்திகையில் வீடு தேடுவது அலுப்பான வேலைதான். ஆனால் ஒழுகும் கூரையும் தேங்கும் தெருவும் அப்போதுதான் தெரியும். விற்பனைக்கு வரும் பழைய வீடுகள் பல, பெயிண்ட் அடித்த கையோடு வருகின்றன. புதுப் பெயிண்டையும் புது ஜிப்சம் சீலிங்கையும் கண்டால் சந்தேகப்படுங்கள். சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த அறைக்கு முழுப் பழுதுச் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வாசலில் நின்று முதலில் தெருவைப் பாருங்கள். சென்னையில் பல தெருக்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. நிலைவாசல் தெருமட்டத்துக்குக் கீழே இருந்தால் மழைக்காலம் முழுக்கக் கவலைதான். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிற வேலை இங்கே சகஜமாகிவிட்டது. அது சின்னச் செலவு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். விற்பவரிடம் கேட்பதைவிடத் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரிடம் கேட்டால் நேரான பதில் கிடைக்கும். கோடையில் போர் தண்ணீர் நிற்குமா, உப்பா, கழிவுநீர் குடிநீர் வாரிய இணைப்பா செப்டிக் டேங்கா என்பதையும் அங்கேயே விசாரித்துவிடலாம்.

உள்ளே வந்ததும் அண்ணாந்து பாருங்கள். தளத்தின் அடிப்பக்கத்தில், குறிப்பாகக் குளியலறை மேலும் சன்ஷேடிலும் பால்கனியிலும், காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? துருக்கறை கோடு கோடாக இறங்கியிருக்கிறதா? கம்பி துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலுக்குப் பக்கத்தில் உள்ள வீடுகளில் உப்புக்காற்றால் இது சீக்கிரமே வரும். இதுதான் செலவில் பெரியது. மேலே சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். துருவைச் சுரண்டி, கம்பி தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, அதற்கான கலவை போட்டு மூட வேண்டும்.

இன்னும் பழைய வீடாக இருந்தால் கூரை மெட்ராஸ் டெரஸாக இருக்கலாம்: தேக்கு உத்திரங்கள், மேலே செங்கலைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. நல்ல நிலையில் இருந்தால் அருமையான கூரை அது. உத்திரம் சுவருக்குள் போகும் முனையில் கரையானோ ஈரமோ ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சுவரில் ஓதம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். தரையிலிருந்து மூன்றடிக்குள் உப்புப் பூத்துப் பெயிண்ட் உரிந்திருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். மேலேயிருந்து இறங்கியிருந்தால் மொட்டை மாடியோ குழாயோ காரணம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. விரிசலைப் பார்த்தால் சுவரின் மறுபக்கத்துக்கும் போய்ப் பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, இரண்டு பக்கமும் தெரிந்தால் என்ஜினியரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். பூச்சில் மட்டும் முடி போல ஓடினால் அவ்வளவு பயம் இல்லை.

ஒயரிங்கில் எர்த் இருக்கிறதா, த்ரீ ஃபேஸ் இணைப்பா, தண்ணீர்க் குழாய் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயா என்றும் பார்த்து எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

3. என்ஜினியரிடம் பட்டியல் வாங்குங்கள்

பழைய வீடுகளைச் சோதித்து அனுபவம் உள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைப் பிடியுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தரகருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. பிறகு அந்த வேலையை எடுத்துச் செய்யப்போகும் கான்ட்ராக்டராகவும் இருக்கக் கூடாது: வேலை வேண்டும் என்பதற்காகக் குறைத்துச் சொல்வார், இல்லாவிட்டால் கூட்டிச் சொல்வார்.

கான்கிரீட்டின் நிலையில் சந்தேகம் இருந்தால் ரீபவுண்ட் ஹேமர் (சுத்தியல் போன்ற கருவியால் தட்டிப் பார்ப்பது), அல்ட்ராசோனிக் (ஒலி அலை செலுத்திப் பார்ப்பது) சோதனைகள் உண்டு. இரண்டும் கட்டடத்தை உடைக்காமல் செய்பவை. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

என்ஜினியரிடம் "வீடு நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதாது. எழுதித் தரும் பட்டியல் வேண்டும், அதுவும் மூன்று பிரிவாக:

அ) பாதுகாப்புக்கு உடனே செய்ய வேண்டியது: கம்பி தெரியும் தளம், ஆபத்தான ஒயரிங், சரிந்த சுற்றுச்சுவர்.

ஆ) குடியேறும் முன் செய்தாக வேண்டியது: மொட்டை மாடி ஒழுகல், குழாய்கள், ஓதம், கழிவறை.

இ) உங்கள் விருப்பத்துக்குச் செய்வது: மாடுலர் கிச்சன், புது டைல்ஸ், அறையைப் பெரிதாக்குவது.

விலை பேசும் மேஜைக்கு அ, ஆ இரண்டு மட்டும்தான் போக வேண்டும். மூன்றாவதைக் கலந்தால் முதல் இரண்டுக்கும் மதிப்புப் போய்விடும். சிவப்பு ஆக்ஸைடு தரை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்கு விற்பவர் ஏன் விலை குறைக்க வேண்டும்? நியாயமான பட்டியல் என்று அவருக்குப் பட்டால்தான் அதை வைத்துப் பேச முடியும்.

ஒவ்வொரு வேலைக்கும் அளவும் விலையும் எழுதச் சொல்லுங்கள். பதிவு பெற்ற கான்ட்ராக்டர் என்றால் வேலை ஒப்பந்தத்துக்கு 18% ஜி.எஸ்.டி. வரும், மதிப்பீட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பழைய வீட்டில் சுவரைத் திறந்தால் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று வெளியே வரும். அதற்காக 20% கூடுதலாக வையுங்கள். சுவர்களை எடுப்பது, மாடி ஏற்றுவது போன்ற மாற்றங்களுக்கு உள்ளாட்சி அனுமதி வேண்டியிருக்கும் என்பதால் அதற்கான காலத்தையும் கேட்டு வையுங்கள்.

பழுதுச் செலவு புதுக் கட்டுமானச் செலவில் பாதியைத் தாண்டினால், இடித்துக் கட்டுவதையே யோசியுங்கள். 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையம் வழியாக உடனடி அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நீங்கள் தர வேண்டியது மனையின் விலையில் இடிப்புச் செலவைக் கழித்த தொகைதான்.

4. உச்ச விலையைத் தாளில் எழுதுங்கள்

இரண்டு வழியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் தெருவின் நிலவரத்தை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை. 900 சதுர அடி வீடு, 35 வருடப் பழசு. விற்பவர் கேட்பது 1 கோடியே 8 லட்சம்.

முதல் வழி: மனை விலையும் தேய்மானம் போன கட்டட விலையும். அந்தத் தெருவில் மனை சதுர அடி 7,000 ரூபாய்க்குப் போகிறது என்றால் மனை 84 லட்சம். அதே வீட்டை இன்று சதுர அடிக்கு 2,400 ரூபாயில் கட்ட 21.6 லட்சம் ஆகும். ஆயுள் 60 வருடம், கடைசியில் பத்து சதவீதம் மிஞ்சும் என்று வைத்தால் 35 வருடத் தேய்மானம் 52.5%. கட்டடத்தின் இன்றைய மதிப்பு சுமார் 10.26 லட்சம். மொத்தம் 94.26 லட்சம்.

இரண்டாவது வழி: அதே பகுதியில் பழுதில்லாத, இதே அளவு வீடு என்ன விலைக்குப் போகும்? 1 கோடியே 12 லட்சம் என்று வையுங்கள். பழுதுச் செலவு 13 லட்சம், எதிர்பாராததற்கு 2.6 லட்சம், வேலை நடக்கும் ஐந்து மாதத்துக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை 1 லட்சம். கழித்தால் 95.4 லட்சம்.

இரண்டும் கிட்டத்தட்ட 95 லட்சத்தில் வந்து நிற்கின்றன. அதுதான் உச்ச விலை. தாளில் எழுதி, வீட்டில் உள்ளவர்களிடமும் காட்டிவிடுங்கள். தேய்மானத்தைக் கழித்துவிட்டு அதே பழுதை மறுபடியும் முழுதாகக் கழிக்காதீர்கள். அது இரட்டைக் கழிவு, விவரம் தெரிந்த விற்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பையும் (அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) பார்த்து வையுங்கள். பேசிய விலை அதற்குக் கீழே போனாலும் முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்புக்குத்தான் கட்ட வேண்டியிருக்கும். வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வருமான வரியும் இரண்டு தரப்புக்கும் வரலாம். அதற்குக் கீழே விலையை இழுப்பதில் பல நேரம் லாபம் இருக்காது.

5. வங்கி எவ்வளவு தரும் என்று முதலிலேயே கேளுங்கள்

விலையில் வென்றுவிட்டுக் கடனில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80% வரைதான் தரலாம். அதற்கு மேற்பட்ட கடனுக்கு 75%. மதிப்பு என்பது நீங்கள் பேசிய விலை அல்ல. பேசிய விலை, வங்கி மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்வார்கள். பழைய கட்டடத்துக்கு மதிப்பீட்டாளர் கையை இறுக்கிப் பிடிப்பார். கட்டடத்தின் மீதி ஆயுளைப் பார்த்துக் கடன் தவணைக் காலத்தையும் குறைப்பார்கள்.

மேலே சொன்ன வீட்டை 95 லட்சத்துக்கு முடித்து, மதிப்பீட்டாளர் 85 லட்சம் போட்டால் கடன் 68 லட்சம். உங்கள் கையிலிருந்து 27 லட்சம். பதிவுச் செலவு இப்போது 9%, அதாவது முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்த்து 7%, பதிவுக் கட்டணம் 2%. அது 8.55 லட்சம். பழுதுச் செலவு, எதிர்பாராததும் சேர்த்து, 15.6 லட்சம். மொத்தம் 51 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம் வேண்டும். பழுதுபார்ப்புக்குத் தனியாக வீடு மேம்பாட்டுக் கடன் உண்டு. அதைக் கிரயம் முடிந்தபின் தேடாமல் இப்போதே பேசி வையுங்கள்.

6. விற்பவருக்கு என்ன அவசரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பணத்தைவிடக் காலம் முக்கியமான விற்பவர்கள் உண்டு. மகள் கல்யாணம் வைத்திருப்பார்கள். வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து இரண்டு வார லீவில் வந்திருப்பார். "எப்போதைக்கு முடிக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலோர் மறைக்காமல் சொல்வார்கள். அவர்கள் தேதிக்கு நீங்கள் ஒத்துப்போக முடிந்தால் விலையில் சில லட்சம் இறங்கும்.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்கும் வீட்டில் யார் முடிவெடுப்பவர் என்று கண்டுபிடிப்பது அவசியம். தரகரிடம் பேசுகிறவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர் என்பதுதான் வழக்கம். எல்லோரும் ஒன்றாக இருக்கும் நாளில் உட்காருங்கள்; தனித்தனியாகப் பேசினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலை சொல்லி, கடைசியில் மேலான விலைதான் நிற்கும். வெளிநாட்டில் இருப்பவர் தனக்குப் பதிலாகக் கையெழுத்திட இன்னொருவருக்குப் பவர் கொடுத்து அனுப்புவதாக இருந்தால், தூதரகச் சான்றோடு வரும் பவர் பத்திரத்துக்கு அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். அதைச் சரிபார்க்காமல் தேதி குறிக்காதீர்கள்.

ஆடி மாதம் பலர் கிரயம் செய்ய மாட்டார்கள். வாங்க வருகிறவர்களும் குறைவு. அதனாலேயே அது பேசி முடிக்க நல்ல மாதம். ஆடியில் பேசி ஆவணியில் பதிவு வைத்துக்கொள்ளலாம் என்றால் விற்பவரும் ஒத்துக்கொள்வார்.

வாடகைக்கு ஆள் இருந்தால், காலி செய்து தருவது விற்பவர் பொறுப்பு. "நீங்க வாங்கிட்டு அவங்ககிட்ட பேசிக்கோங்க" என்றால் வேண்டாம்.

7. பேச உட்காரும் நாள்

வீட்டைக் குறை சொல்லி ஆரம்பிக்காதீர்கள். எதிரே இருப்பவரின் அப்பா சைக்கிளில் சிமெண்ட் மூட்டை கொண்டுவந்து கட்டிய வீடாக அது இருக்கலாம். வாஸ்துவைக் குறை சொல்லி விலையை இறக்கப் பார்ப்பதும் வேண்டாம். அது அவர்களை நோகடிக்கும், பணமாக மாறாது.

நாங்கள் பேசியது ஏறக்குறைய இப்படி:

"சார், வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. தெருவும் பிடிச்சிருக்கு. இந்த வீட்டுல குடியேறணும்னா என்ன வேலை செய்யணும்னு ஒரு என்ஜினியர்கிட்ட எழுதி வாங்கியிருக்கோம். நீங்களும் ஒரு தடவை பாருங்க. அழகுக்குச் செய்யற வேலை எதுவும் இதுல இல்ல."

பட்டியலின் ஒரு நகலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் படிக்கட்டும். பிறகு உங்கள் விலையைச் சொல்லுங்கள். உச்ச விலை 95 என்றால் 88 அல்லது 89-இல் ஆரம்பிக்கலாம். 70 என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: "இன்னும் ஒரு லட்சம் சேர்க்கறோம், ஆனா மூணு மாசம் டைம் வேணும்" என்பது போல. ஏற்றம் சிறிதாகிக்கொண்டே வர வேண்டும்.

"அந்தத் தளத்தை நாங்களே சரி பண்ணிக் கொடுத்துடறோம், விலையைக் குறைக்காதீங்க" என்று ஒரு பதில் வரும். பணிவாக மறுத்துவிடுங்கள். விற்றுவிட்டுப் போகிறவர் குறைந்த செலவில் பூசித்தான் தருவார். உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தச் செலவை விலையில் கழித்து, வேலையை நீங்களே செய்துகொள்வதுதான் நல்லது.

"பாதி வெள்ளை, பாதி கறுப்பு" என்ற பேச்சும் வரும், அதாவது பாதிப் பணத்தைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சொத்துக்கான தொகையை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்குத் தடை இருக்கிறது. பெற்றவருக்கு அதே அளவு அபராதம். பத்திரத்தில் விலை குறைந்தால் உங்கள் கடனும் குறையும், நாளை நீங்கள் விற்கும்போது லாப வரியும் கூடும்.

அன்றே முடிக்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். "வேற பார்ட்டி நாளைக்கு டோக்கன் கொடுக்கறாங்க" என்று தரகர் சொன்னால், கொடுக்கட்டும். தரகருக்குப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு சதவீதம் கமிஷன். அதையும் இந்த நாளுக்கு முன்பே பேசி முடித்திருங்கள்.

8. முன்பணமும் ஒப்பந்தமும்

விலை முடிந்ததும் கையோடு டோக்கன் கொடுத்து வெற்றுத் தாளில் எழுதி வாங்குவது பழக்கம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யுங்கள். முன்பணம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். எல்லாம் வங்கி வழியாகவே போகட்டும்.

ஒப்பந்தத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பது, எல்லா வாரிசுகளின் கையெழுத்து, சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டணப் பாக்கி கிரயம் வரை விற்பவருடையது என்பது, வீட்டைக் காலியாக ஒப்படைக்கும் தேதி, பதிவுக்கு முன் என்ஜினியரோடு இன்னொரு முறை பார்க்கும் உரிமை. முதல் பார்வைக்குப் பின் புதிதாகப் பழுது ஏற்பட்டிருந்தால் என்ன செய்வது என்பதும் ஒரு வரியில் இருக்கட்டும்.

பழைய வீட்டுக்கே உரிய ஒரு நிபந்தனையும் உண்டு. பர்மா தேக்குக் கதவு, நிலை, தூண், பித்தளைத் தாழ்ப்பாள், ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றுக்கும் வெளியே நல்ல விலை இருக்கிறது. ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் நடுவில் அவை காணாமல் போவதுண்டு. போர் மோட்டாரும் அப்படித்தான். எது எது வீட்டோடு வருகிறது என்று படத்தோடு ஒரு பட்டியல் இணைத்து, இரண்டு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

ஒப்பந்தம் ஆனதும் வக்கீல் மூலம் செய்தித்தாளில் ஒரு பொது அறிவிப்புக் கொடுத்துவிடுங்கள். வெளியே தெரியாத வாரிசு யாராவது இருந்தால் அப்போதே வந்துவிடுவார்.

9. பதிவும் அதற்குப் பிறகும்

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1% வருமான வரி பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் நீங்கள் கட்ட வேண்டும். வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் கணக்கு. விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் இந்த 1% பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு அதிகம். ஆடிட்டரிடம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

முத்திரைத் தீர்வை குறையும் என்று பத்திரத்தில் கட்டடத்தைக் காட்டாமல் காலி மனையாக எழுதச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பதிவுத்துறை நேரில் வந்து பார்த்தால் குறைவு முத்திரைத் தீர்வையும் அபராதமும் வரும், வங்கிக் கடனிலும் சிக்கல். முகூர்த்த நாளில் பதிவு வைப்பதென்றால் பதிவு அலுவலக வரிசை டோக்கனைச் சீக்கிரம் எடுங்கள். அன்று கூட்டம் அலைமோதும்.

பதிவன்று மூலப் பத்திரங்கள் எல்லாவற்றையும் கையில் வாங்கிய பிறகுதான் கடைசிக் காசோலை. அந்த வாரத்திலேயே பட்டா, சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு நான்கிலும் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். பழுது வேலைக்கான ரசீதுகளை எறியாமல் கோப்பில் வையுங்கள். பிற்பாடு விற்கும்போது கட்டமைப்பை மேம்படுத்திய செலவை லாபத்தில் கழிக்கலாம்.

வேலையை மொட்டை மாடியிலிருந்து ஆரம்பியுங்கள். தைக்குப் பிறகு தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரை முடிந்துவிடும். உள்ளே பெயிண்ட் அடிப்பதை அடுத்த மழை ஒன்று பெய்து ஓயும் வரை தள்ளிப்போடுங்கள்.